மாட்ட மாட்டக் குறைந்த வெளிச்சம்

பல்பு அதிகமாக மாட்டினால் வெளிச்சம் கூடவேண்டும். சூனின் வயலில் குறைந்தது.

முதலில் வாய்க்கால் ஓரத்துப் புதுப் பாத்திகளுக்கு மேலே ஒரு சரம் இழுத்தான். அன்றைக்கே பழைய பாத்திகளின் மேல் தொங்கிய பல்புகள் கொஞ்சம் சோர்ந்தாற்போலத் தெரிந்தன. கண்ணில் தூசி என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே. வெளிச்சம் போதவில்லை என்றால் விளக்கைக் கூட்டத்தான் யாருக்கும் தோன்றும். பாத்திகளுக்கு நடுவே இன்னொரு சரம் போட்டான். இன்னும் மங்கியது. அதற்கும் மேல் ஒரு சரம் போட்டபோது பல்புகள் எல்லாம் பழுத்த பப்பாளி நிறத்துக்கு வந்துவிட்டன. வரப்புக்கு அந்தப் பக்கம் அவனுடைய அண்ணன் ஹொக்கின் வயல். அங்கே அதே கடையில், ஒரே நாளில் வாங்கிய அதே பல்புகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தின. அதுவும் சுகமாக இல்லை. வாரத்துக்கு நாலைந்து பல்புகள் பீஸ் போய்க்கொண்டே இருந்தன.

எங்கள் நாற்றுக் கொட்டகைக்கும் அவர்கள் வயலுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். கொட்டகையில் உட்கார்ந்து சாமந்தித் துண்டுகளை மணலில் குத்திக்கொண்டிருப்பேன். காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் அந்த வீட்டில் யார் இருமினாலும் எனக்குக் கேட்கும்.

எங்கள் ஊரான தியன்வெய்யில் பிறந்தவர்களுக்குச் சாமந்திக்கு ஏன் விளக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாமந்தி இருட்டை அளந்து பார்க்கிற செடி. இரவு நீளமாக, முறிவில்லாமல் இருந்தால் ‘குளிர்காலம் வந்துவிட்டது, பூத்துவிட வேண்டியதுதான்’ என்று முடிவுசெய்துவிடும். முழங்கால் உயரத்தில் இருக்கிறோமா, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டோமா என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை. அதனால் இரவின் நடுவே சில மணி நேரம் விளக்கைப் போட்டு இருட்டை இரண்டாக வெட்டுகிறோம். செடி ஏமாந்து, கோடை என்று நினைத்து வளர்ந்துகொண்டே போகும். தண்டு வேண்டிய நீளம் வந்ததும் விளக்கை நிறுத்துவோம். வயல் முழுக்க ஒரே மூச்சில் மொட்டு விடும். வசந்தத்தில் முன்னோர் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற திருநாளுக்குக் கணக்காகப் பூ சந்தைக்குப் போகும். வெளிச்சம் மங்கினால் செடி ஏமாறாது. குட்டைத் தண்டில் மொட்டு வைத்துவிடும். குட்டைப் பூவைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள், உழுது புதைக்க வேண்டியதுதான்.

சூனின் மனைவி பிக்ஹுன் தினமும் காலையில் நாலு செடியின் நுனியைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்ப்பாள். உள்ளே இலை அடுக்கா, கடுகளவு மொட்டா என்று. அந்த வாரம் ஓரப் பாத்தியில் இரண்டு செடியில் கடுகு தெரிந்தது.

இதில் இன்னொரு வினையும் இருந்தது. போன அறுவடை முடிந்த கையோடு அண்ணன் தம்பி பாகம் பிரித்துவிட்டார்கள். சண்டை போட்டு அல்ல. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு போதவில்லை, அவ்வளவுதான். கிழக்கு வயல் ஹொக்குக்கு, மேற்கு சூனுக்கு. பல்புகளைக்கூட ஆளுக்குப் பாதியாக எண்ணிப் பிரித்தார்கள். மின்கம்பி வந்து இறங்குகிற மோட்டார் கொட்டகையில் பழைய பலகையைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு கைப்பிடி சுவிட்ச் வைத்தார்கள். விளக்கை ஏற்றி அணைக்கிற கடிகாரம் மட்டும் இருவருக்கும் பொது. அடுப்பு இன்னும் பிரியவில்லை. அடுப்பைப் பிரிப்பதற்குத் தாய்மாமன் வந்து, முன்னோர் மாடத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி, இன்னது இன்னாருக்கு என்று வாயால் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. மாமா பெய்தோவிலிருந்து வருவதாகச் சொன்ன நாள், வருஷக் கடைசியில் நிலச்சாமிக்குப் படையல் வைக்கிற நாள்.

அன்று பிற்பகல் வேர்க்கடலைப் பொடி அரைத்து அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமையலறையில் ஓரகத்திகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஹொக்கின் மனைவி துவான் ஈரமாவு உருண்டையைச் சூடான கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்து எடுப்பாள். காகிதம்போல ஒரு அடை கல்லில் ஒட்டிக்கொள்ளும். பிக்ஹுன் அதை உரித்து அடுக்குவாள். முட்டைக்கோசும் முளைப்பயறும் வதக்கி ஆறிக்கொண்டிருந்தன. சாயங்காலம் அவற்றை அடையில் வைத்து, கடலைப்பொடி தூவிச் சுருட்டிச் சாப்பிடுவோம்.

“அக்கா, அவர் முடிவே பண்ணிட்டார்,” என்றாள் பிக்ஹுன். “மாமா ஊதுவத்தி ஏத்தினதும் மாடத்துக்கு முன்னாடியே சொல்லப் போறாராம். ‘எங்கண்ணன் என் கரண்டைத் திருடுறான்’னு.”

“உன் வீட்டுக்காரர் மட்டுமா? இவர் காலையில பல் தேய்க்கும்போதே ஒத்திகை பாக்குறார். ‘என் தம்பி என்னமோ பண்ணி என் பல்பை எல்லாம் பீஸ் போக வைக்கிறான்’னு. வாய் நிறைய நுரையோட.”

“திருடின கரண்டை எங்கேக்கா வைப்பாங்க? முள்ளங்கி ஊறுகாய் ஜாடியிலயா?”

“சிரிக்காதடி, அடை கருகுது.”

சிரித்தார்கள். ஆனால் பிக்ஹுனின் கண் நனைந்திருந்தது. முன்னோர் மாடத்தின் முன் தாய்மாமன் காதில் விழுந்த பழியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கப்புறம் இந்த இரண்டு பெண்களும் ஒரே முற்றத்தில் இருந்துகொண்டு, ஒருத்தி வீட்டு வாசலை மற்றவள் மிதிக்காமல் கிழவிகளாக வேண்டியதுதான். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு வீடு உண்டு.

“மின்வாரியத்து ஆள் வந்து என்னதான் சொன்னார்?” என்று கேட்டேன்.

“மீட்டர் வரைக்கும் எல்லாம் சரியா வருதாம் அண்ணா. அதுக்கு இந்தப் பக்கம் எங்க பாடாம்.” பிக்ஹுன் ஒரு அடையை உரித்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். “ஒண்ணு கேக்கணும். நேத்து எங்க பக்கம் ஒரு பல்பு லூசா இருந்துதுன்னு விளக்கு எரியும்போதே கழட்டினேன். கழட்டினதும் பக்கத்துல இருக்கிறதெல்லாம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துது. திருப்பி மாட்டினேன், மங்கிடுச்சு. எனக்குத்தான் அப்படித் தோணுதா?”

“அப்படி ஆகக்கூடாதே,” என்றேன்.

ஏன் ஆகக்கூடாது? வயல் விளக்குகளை எல்லோரும் பக்க இணைப்பில்தான் போடுகிறோம். எங்கள் வாய்க்கால் பாசனம் மாதிரிதான் அது. வயலின் தலைப்பில் ஒரு வாய்க்கால், கடைசியில் ஒரு வடிகால். ஒவ்வொரு பாத்திக்கும் தலைவாய்க்காலிலிருந்து அதனதன் மடை. ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் வடிகாலுக்கு அதனதன் வாய். உன் மடையை நீ அடைத்தால் என் பாத்தி காயாது. நீ இன்னொரு மடை திறந்தாலும், வாய்க்காலில் நிறையத் தண்ணீர் இருக்கும்வரை, என் பாத்தியில் மட்டம் இறங்காது. பல்பும் அப்படியே. மின்சாரம் வரும் கம்பிக்கும் திரும்பிப் போகும் கம்பிக்கும் நடுவே, ஏணியின் படிகள்போல, ஒவ்வொரு பல்பும் தனித்தனிப் பாலம். ஒன்றைக் கழற்றினால் அந்தப் பாலம் மட்டும் போகும். மற்ற பல்புகளுக்கு அந்தச் செய்தியே தெரியக்கூடாது.

மலையடிவாரத்துப் படிக்கட்டு வயல்கள் வேறு விதம். மேல் வயலில் நிறைந்து வழிந்த தண்ணீர்தான் கீழ் வயலுக்கு. மேலே இருப்பவன் மடையை அடைத்தால் கீழே இருப்பவன் வாயில் மண். அது தொடர் இணைப்பு.

இதை நான் சொன்னபோது துவான் மாவு உருண்டையைத் தேய்ப்பதை நிறுத்தினாள். கிழக்கு வயலுக்கு மடை திருப்புவது எப்போதும் அவள் வேலை.

“அப்போ எங்க வயலு ரெண்டும் எந்த வகைன்னு பாத்துடலாமே,” என்றாள். “மாமா வர இன்னும் நேரம் இருக்கு. ஏய், கையைக் கழுவு.”

மேகம் மூடிய பிற்பகல். விளக்கெரிந்தால் நன்றாகத் தெரியும். என்னை மோட்டார் கொட்டகையில் சுவிட்ச் பக்கம் நிறுத்தினார்கள். கடிகாரத்தைக் கையால் திருப்பி விளக்கைப் போட்டேன். கிழக்கு வெள்ளையாக எரிந்தது, மேற்கு பப்பாளியாக. துவான் கிழக்கு வயலிலும் பிக்ஹுன் மேற்கு வயலிலும் பாத்திகளுக்கு நடுவே நின்றார்கள். காற்றில் இருவரின் தலைத்துணியும் படபடத்தது.

“அக்கா! நான் கழட்டுறேன்! இந்தச் சரத்துல எல்லாத்தையும்!”

“கழட்டு!”

பிக்ஹுன் கையுறையோடு ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே போனாள். அவள் கழற்றக் கழற்ற, மீதி இருந்த மேற்கு விளக்குகள் நிறம் மாறின. பப்பாளி வெளுத்தது. அதைவிட வினோதம், வரப்புக்கு இந்தப் பக்கம் துவானின் தலைக்கு மேல் இருந்த வெள்ளை விளக்குகளின் கண்கூச்சம் குறைந்துகொண்டே வந்தது.

“ஏய்! நீ அங்க கழட்டுறே, இங்க குறையுதுடி!”

“இங்க ஏறுதுக்கா!”

“இரு, நான் கழட்டுறேன்!” துவான் தன் பக்கம் ஒரு சரத்தை உருவினாள். உடனே கிழக்கு மறுபடி வெறிபிடித்தாற்போல் எரிந்தது. அதில் ஒன்று ‘டப்’ என்று போனது. மேற்கு மங்கியது. “ஐயோ! பீஸ் போச்சு! அண்ணா, எங்க சுவிட்சை அணைங்க, எங்களோடதை மட்டும்!”

ஹொக்கின் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். கிழக்கு அணைந்தது.

மேற்கும் அணைந்தது.

சூனின் சுவிட்சைப் பார்த்தேன். அது மேலேதான் இருந்தது. யாரும் தொடவில்லை. ஆனாலும் அவனுடைய வயலில் ஒரு பல்பில்கூட உயிர் இல்லை. ஹொக்கின் கைப்பிடியைத் தூக்கினேன். இரண்டு வயலும் எரிந்தன. சூனின் கைப்பிடியை இழுத்தேன். இரண்டும் அணைந்தன. கடிகாரம் பொதுவாக இருந்ததால் இதுவரை இருவரும் ஒன்றாகவே ஏற்றி ஒன்றாகவே அணைத்திருக்கிறார்கள். தனித்தனியாக ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

பகலில் வயல் கண்சிமிட்டினால் சும்மா இருப்பார்களா? ஹொக் உரச்சாக்கைப் போட்டுவிட்டு ஒரு பக்கமிருந்து ஓடிவந்தான். சூன் இன்னொரு பக்கமிருந்து, ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸோடு.

“யாரு என் விளக்குல கை வச்சது?” என்று கத்தினான் ஹொக்.

“உன் விளக்கா? என் வெளிச்சத்தை எல்லாம் உறிஞ்சிக்கிட்டு ‘என் விளக்கு’ன்னு வேற சொல்லுறியா?”

“நீதாண்டா என்னமோ கெட்ட கரண்டை அனுப்புறே! இப்பக்கூட ஒண்ணு போச்சு!”

“அதை நான்தான் போக வச்சேன்,” என்றாள் துவான். “ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுக் கொஞ்சம் நில்லுங்க.”

சரியாக அந்த நேரத்தில்தான் மாமா சுய்லாயின் மோட்டார் சைக்கிள் வரப்பு முனையில் வந்து நின்றது. கைப்பிடியில் ஒரு பை. பெய்தோவுக்குப் பேர்போன, மாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த உருண்டைகள், சூடு ஆறாமல் துண்டில் சுற்றியிருந்தன. அவர் இறங்காமலேயே கேட்டார்:

“பாகம் பிரிக்கக் கூப்பிட்டீங்களா, கூத்து பாக்கக் கூப்பிட்டீங்களா?”

“மாமா, நீங்களே கேளுங்க, எங்கண்ணன்...” என்று சூன் தொடங்கினான்.

பிக்ஹுன் அவன் கையைப் பிடித்தாள். “இங்க சொல்லாதீங்க, அங்கயும் சொல்லாதீங்க. முதல்ல இதைப் பாருங்க.” என்னைப் பார்த்து, “அண்ணா, திரும்பச் செய்யுங்க.”

ஹொக்கின் கைப்பிடியை இழுத்தேன். இரண்டு வயலும் அணைந்தன. சூன் தன் சுவிட்சைப் பார்த்தான், மேலே இருந்தது. கையால் தடவிப் பார்த்தான்.

“என் சுவிட்ச் போட்டுத்தானே இருக்கு?”

“உங்க விளக்கு அத்தான் சுவிட்ச் வழியா எரியுது. அவரோடது உங்க சுவிட்ச் வழியா எரியுது,” என்றாள் பிக்ஹுன். “யாரும் யார்கிட்டயும் திருடல. ரெண்டு பேரும் ஒருத்தர் தலையில ஒருத்தர் உக்காந்திருக்கீங்க.”

“படிக்கட்டு வயலு,” என்றாள் துவான். “நம்மளது படிக்கட்டு வயலா ஆயிடுச்சு. எங்கயோ வடிகால் அடைச்சிருக்கு. எங்க தண்ணி போக வழியில்லாம உங்க பாத்திக்குள்ள போகுது.”

மாமா பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். “வடிகால் எதுடா இதுல?”

கம்பத்திலிருந்து மூன்று கம்பிகள் கொட்டகைக்குள் இறங்கின. சிவப்பு ஹொக்கின் சுவிட்சுக்கு. கறுப்பு சூனின் சுவிட்சுக்கு. பலகையின் நடுவில் ஒரு பித்தளைப் பட்டை. இரண்டு வயலிலிருந்தும் திரும்பி வரும் கம்பிகள் அதில் திருகியிருந்தன. பட்டையின் மேல்முனையில் ஒரு திருகு வெறுமனே இருந்தது. மூன்றாவது கம்பி, வெள்ளை, அதற்கு ஒரு சாண் மேலே டேப் சுற்றி, அழகாக மடித்து, ஆணியில் மாட்டியிருந்தது.

“இது என்ன?” என்றார் மாமா.

ஹொக் தொண்டையைச் செருமினான். “அது செத்த கம்பி மாமா. டெஸ்டர் வச்சுப் பாத்தேன். சிவப்புல லைட் எரிஞ்சுது, கறுப்புல எரிஞ்சுது. இதுல எரியல. மோட்டாரும் ரெண்டு கம்பியிலதான் ஓடுது. பாகம் பிரிக்கும்போது ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சரியாப் போச்சு. இது ஒண்ணு மிஞ்சிச்சு. அதான்...”

“அதான் கழட்டி ஆணியில மாட்டிட்டே.”

சூன் தரையைப் பார்த்தான். “டேப்பு நான்தான் மாமா சுத்தினேன்.”

அண்ணனும் தம்பியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அது. ஒருவன் பலகையைத் தாங்கிப் பிடித்தான், ஒருவன் திருகினான்.

“மடையை ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சீங்க,” என்றாள் துவான் மெதுவாக. “வடிகாலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டீங்க.”

டெஸ்டர் ஏன் எரியவில்லை என்பதை நான் பிறகு பலருக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அந்த வெள்ளைக் கம்பிதான் நடுக் கம்பி, அது கம்பத்தின் அடியிலேயே மண்ணோடு கட்டப்பட்டது. மண்ணில் நிற்கிற நம் உடம்பும் அதுவும் ஒரே மட்டம். மட்ட வித்தியாசம் இருந்தால்தான் டெஸ்டர் எரியும். கம்பி சாகவில்லை, அது திரும்பிப் போகிற வழி. அது இருக்கும்வரை சிவப்புக்கும் நடுவுக்கும் இடையில் ஹொக்கின் விளக்குகள், கறுப்புக்கும் நடுவுக்கும் இடையில் சூனின் விளக்குகள். ஆளுக்கு நூற்றுப்பத்து வோல்ட், யாரும் யாரையும் தொடுவதில்லை. அது போனதும் சிவப்பிலிருந்து கறுப்புக்கு ஒரே பாதைதான் மிஞ்சியது: ஹொக்கின் வயலைத் தாண்டி சூனின் வயல் வழியாக. இருநூற்றிருபது வோல்ட்டை இரண்டு வயலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கழற்றிய அன்றே ஏன் தெரியவில்லை என்று சூன் கேட்டான். நல்ல கேள்வி. பல்பைச் சரிபாதியாக எண்ணிப் பிரித்தார்கள் அல்லவா, பங்கும் சரிபாதியாக விழுந்தது. இருவரும் சமமாக இருந்தவரை நடுக் கம்பிக்கு வேலையே இல்லை. ஒருவனிடம் கூடி மற்றவனிடம் குறையும்போது அந்த வித்தியாசத்தைச் சுமப்பதுதான் அதன் வேலை. சூன் வாய்க்கால் ஓரத்தில் சரம் கூட்டினான். பல்பு அதிகமான பக்கம் மின்சாரத்துக்கு வழி சுலபம். சுலபமான பக்கத்துக்கு வோல்ட் குறைவாகத்தான் விழும். அவன் பக்கம் மங்கியது. மிச்ச வோல்ட் எல்லாம் அண்ணன் தலையில் விழுந்து பல்பைக் கொன்றது. அங்கே பல்பு போகப் போக வித்தியாசம் இன்னும் பெருகியது. மங்குகிறதே என்று அவன் மேலும் மேலும் மாட்டினான்.

“நான் மாட்டினதாலதான் மங்கிச்சா?” என்றான் சூன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். “எங்கண்ணன் மேல பழியைப் போட்டு ராத்திரியெல்லாம் தூங்காம கிடந்தேனே.”

“போன பல்புக்கு நீ எனக்கு இருபது பல்பு தரணும், தெரியுமா?” என்றான் ஹொக்.

“என் மொட்டுக்கு நீ என்ன தருவே?”

“மொட்டு வச்சிருச்சா?” ஹொக்கின் குரல் மாறிவிட்டது. பதிலுக்குக் காத்திராமல் மேற்கு வயலில் இறங்கிப் பாத்தி பாத்தியாக நுனியைக் கிள்ளிப் பிளந்து பார்த்துக்கொண்டே போனான். சூன் ஒற்றைப் பூட்ஸோடு பின்னால் போனான். ஓரப் பாத்தியில் மட்டும் கடுகு. மற்றதெல்லாம் இலைதான். “தப்பிச்சோம்டா,” என்று அங்கிருந்தே கத்தினான் ஹொக். “இன்னைக்கு ராத்திரி நல்ல வெளிச்சம் விழுந்தா மொட்டு அதோட நிக்கும்!”

மாமா முதலில் கம்பத்தடி மெயினை அணைக்கச் சொன்னார். அணைந்ததா என்று தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சூன் டேப்பை உரித்தான். ஹொக் கம்பி முனையைக் கத்தியால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிப் பட்டையின் திருகுக்குள் நுழைத்தான். ஒருவன் பிடிக்க ஒருவன் முறுக்கினான். பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மறுபடி ஒரு கால் சுற்று முறுக்கினார்கள்.

மெயினைப் போட்டோம். கழற்றிய பல்புகளை மாட்டினோம். இரண்டு வயலும் ஒரே வெள்ளையில் எரிந்தன. ஹொக்கின் கைப்பிடியை இழுத்தேன். கிழக்கு மட்டும் அணைந்தது. பிக்ஹுன் மேற்கில் ஒரு சரம் முழுக்கக் கழற்றினாள். பக்கத்துச் சரம் அசையவே இல்லை. எதிரே துவான் கையைத் தூக்கி, “இங்க ஒண்ணும் தெரியலடி!” என்று கத்தினாள். அவள் அப்படிச் சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டதில்லை.

முன்னோர் மாடத்தின் முன் மாமா ஊதுவத்தி ஏற்றினார். சூனைத் திரும்பிப் பார்த்தார். “என்னமோ சொல்லணும்னு இருந்தியே?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“நீ?”

“எனக்கும் ஒண்ணுமில்ல,” என்றான் ஹொக்.

மாமா மாடத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: “கிழக்கு வயல் பெரியவனுக்கு. மேற்கு வயல் சின்னவனுக்கு. அடுப்பு ஆளுக்கு ஒண்ணு. சிவப்புக் கம்பி பெரியவனுக்கு, கறுப்புக் கம்பி சின்னவனுக்கு. நடு வெள்ளைக் கம்பியைப் பிரிக்கல, அது ரெண்டு பேருக்கும் பொது. வருஷத்துக்கு ஒருதரம் மெயினை அணைச்சிட்டு, ரெண்டு பேரும் சேந்து போய் அந்தத் திருகை இறுக்கணும்.”